பஸர்த் தட்டும் கலப்பைத் தட்டும்: கிளிநொச்சியில் செய்வித்த தொடுகை மைக்குகள் பற்றி

கிளிநொச்சி நகரில், கரடிப்போக்குச் சந்திப் பக்கமாக ஏ9 வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையொன்றில், பெயர்ப்பலகை இல்லாத சிறியதொரு பழுதுபார்க்கும் கடை இருக்கிறது. வானொலி, மின்விசிறி, இன்வேர்ட்டர், கோயில் ஒலிபெருக்கி என எது பழுதானாலும் சுற்றுவட்டாரத்தார் அங்கேதான் கொண்டுபோகிறார்கள். அந்தக் கடையில் நாங்கள் சொல்லிச் செய்வித்த தொடுகை மைக்குகளை, அதாவது ஒரு பொருளில் ஒட்டி அதன் அதிர்வைக் கேட்கும் தட்டு வடிவ மைக்குகளைப் பற்றியது இந்த மதிப்புரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தட்டு மலிவானது, வேலை நேர்த்தியானது, வாங்கலாம். ஆனால் அந்தத் தட்டை எங்கே ஒட்டுகிறோம், எதனால் ஒட்டுகிறோம், எந்தப் பெட்டிக்குள் செருகுகிறோம் என்ற மூன்றையும் சரியாகச் செய்யாதவர்களுக்கு உலகத்திலேயே விலை கூடிய தொடுகை மைக்கும் தகர டப்பாவின் ஒலியைத்தான் தரும்.

நாங்கள் முல்லைத்தீவுப் பக்கத்தில் சிலராகச் சேர்ந்து நாடகங்களுக்குத் தாள ஒலி அமைத்து வருகிறோம். மத்தளமும் தாளமும் கூத்துக்கு உரியவை. அவற்றோடு வேறு ஒலிகளும் வேண்டுமென்பதால் தட்டையான தகரம், தார்ப் பரல், பனஞ்சலாகை, உழவு இயந்திரத்தின் தேய்ந்த கலப்பைத் தட்டு ஆகியவற்றையும் வாத்தியங்களாகப் பயன்படுத்துகிறோம். இவற்றின் ஒலியில் மிக அழகான பகுதி காதுக்கு எட்டாத அளவு மெல்லியது. கலப்பைத் தட்டை விரல் நகத்தால் சுண்டிவிட்டு அதன் விளிம்பருகே காதை வைத்தால் கேட்கும் நீண்ட முழக்கம் இரண்டு முழம் தள்ளி நிற்பவருக்குக் கேட்காது. அதைச் சபைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் மைக் வேண்டும்.

சாதாரண மைக் இங்கே ஏன் உதவவில்லை என்பதை வன்னியில் திறந்த வெளி மேடை போட்ட எவரும் அறிவர். வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும் காலத்தில் மைக்குக்குள் காற்றுப் புகுந்து இரைகிறது. மெல்லிய ஒலியைப் பிடிப்பதற்காக அளவைக் கூட்டினால் ஒலிபெருக்கி கூவத் தொடங்குகிறது. மேடைக்குப் பின்னால் ஓடும் ஜெனரேட்டரின் ஒலியும் கூடவே வந்து சேர்கிறது. தொடுகை மைக் காற்றில் வரும் ஒலியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. தான் ஒட்டப்பட்டிருக்கும் பொருளின் அதிர்வையே கேட்கிறது. ஆகையால் சோளகமும் ஜெனரேட்டரும் அதற்குள் புகுவது மிகக் குறைவு. கூவல் முற்றாக நின்றுவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். ஒலிபெருக்கியின் முன்னால் தொங்கும் தகரம் அந்த ஒலியாலேயே அதிரும், அந்த அதிர்வை மைக் திரும்பவும் பிடிக்கும். ஆனாலும் சாதாரண மைக்கோடு ஒப்பிட்டால் ஒலியளவை மிக அதிகமாகக் கூட்ட முடிகிறது.

தொடுகை மைக்கின் உயிர் ஒரு பீசோ தட்டு. பித்தளைத் தகட்டின் மேல் ஈயம், சிர்க்கோனியம், தைத்தேனியம் சேர்ந்த வெள்ளை நிறப் பீங்கான் படலமும், அதன் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சும் இருக்கும். இன்வேர்ட்டரிலும் அலாரம் மணிக்கூட்டிலும் "கீ" என்று கத்தும் பஸர் இதுதான். கடைக்காரரிடம் இதை மைக்காகச் செய்து தரும்படி கேட்டபோது, "பிள்ளை, உது கூவுற தட்டெல்லோ, கேக்கிற தட்டில்லையே" என்றார். "கூவுறதுதான் அண்ணை கேக்கவும் செய்யும்" என்று நான் சொன்னதும், மேசையில் கிடந்த ஒரு தட்டை எடுத்துத் தன் சோதனை அம்பிளிபயரில் தொடுத்து, குறட்டால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் எப்படிச் செய்வது என்பதைப் பற்றியவையே. இது புதிய விந்தை ஒன்றுமில்லை. சில பளிங்குகளை அழுத்தினால் மின் பிறக்கும் என்பதைக் கியூரி சகோதரர்கள் 1880இல் காட்டினார்கள். மின்னைக் கொடுத்தால் அதே பளிங்கு வடிவம் மாறும் என்பதையும் அடுத்த ஆண்டில் உறுதிசெய்தார்கள். பஸரில் இரண்டாவது விளைவு வேலை செய்கிறது, எங்கள் மைக்கில் முதலாவது வேலை செய்கிறது.

கடையில் மூன்று அளவுகளில் தட்டுகள் இருந்தன. 20 மில்லிமீற்றர்த் தட்டு ஏறக்குறைய 6,300 ஹேர்ட்ஸ் மீடிறனிலும், 27 மில்லிமீற்றர்த் தட்டு ஏறக்குறைய 4,600 ஹேர்ட்ஸிலும், 35 மில்லிமீற்றர்த் தட்டு ஏறக்குறைய 2,800 ஹேர்ட்ஸிலும் பரிவுறும் வகையில் செய்யப்படுபவை. தட்டைத் தனியே கையில் பிடித்துத் தட்டிப் பார்த்தால் அந்தச் சுருதியே முன்னால் நிற்கும். கனமான பொருளோடு முழுப் பரப்பும் படிய ஒட்டிவிட்டால் அது பெரிதும் அடங்கிவிடும். பொதுப் பயன்பாட்டுக்கு 27 மில்லிமீற்றர்த் தட்டையே நான் பரிந்துரைப்பேன். ஒடுங்கிய சலாகைக்கு 20 பொருந்தும். 35 பெரிய பரலுக்கும் தகரத்துக்கும் நல்லது. வளைந்த பரப்பில் ஒட்டினால் பீங்கான் வெடித்துவிடும். வெறும் தட்டொன்றின் விலை ஒரு பிளேன்ரீயும் வடையும் சாப்பிடும் காசுக்குள் அடங்குகிறது. நாங்கள் கொடுத்த பணத்தில் மிகப் பெரும்பகுதி வயர், ஜக் (வயரின் செருகி), முன்பெருக்கி, கைவேலை ஆகியவற்றுக்கே போனது. அப்படித்தான் போகவும் வேண்டும்.

கைவேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டில் தாமாகச் செய்பவர்கள் பலர் தட்டைக் கெடுப்பது இந்த இடத்திலேதான். பற்றவைக்கப் பயன்படும் அறுபதுக்கு நாற்பது வகை ஈயம் 183 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கும். பீங்கானோ அளவுக்கு மீறிய சூட்டில் தன் மின் ஒழுங்கை இழந்துவிடும். அதற்கு முன்பே வெள்ளிப் பூச்சு உருகிய ஈயத்தில் கரைந்து காணாமற் போய்விடும். கடைக்காரர் பித்தளை விளிம்பை மண்தாளால் உரசி, அங்கே நிதானமாகச் சூடேற்றி நில வயரை வைத்தார். வெள்ளிப் பக்கத்துக்கு வந்ததும் முறையை மாற்றிக்கொண்டார். வயரின் நுனியில் முதலிலேயே ஈயம் ஏற்றி, தட்டின் மையத்தில் வைக்காமல் பீங்கானின் ஓரமாக ஒரு சிறு பொட்டு மட்டும் இட்டு, சூட்டுக்கோலை வைத்த கையோடு எடுத்துவிட்டார். அந்தப் பொட்டு ஒரு மிளகின் அளவுகூட இல்லை. பெரிய உருண்டையாக ஈயம் வைத்தால் தட்டு பொருளின் மேல் தட்டையாகப் படியாது என்பதோடு, அந்தப் பாரமே அதிர்வையும் மாற்றிவிடும். பின்னர் வயரை இரண்டு அங்குலம் பின்னால் வளைத்துக் கொண்டுவந்து பித்தளையின் மேல் அரல்டைட் வைத்து நிறுத்தினார். வயரை யாராவது இழுத்தால் அந்த இழுவை பசையோடு நின்றுவிடும். பொட்டு கழன்று வராது. எங்கள் நாடகக் குழுவில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் வாத்தியங்களைக் கையாளுகிறார்கள், ஆகையால் இந்த ஏற்பாட்டுக்கு நான் மனமார நன்றி சொல்கிறேன்.

அடுத்தது இரைச்சல். வெறும் தட்டு ஒரு சிறிய அன்ரெனா. நமது மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். தற்காலிகமாக இழுத்த வயர்களின் நடுவே தட்டை வைத்தால் 50 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஓர் உறுமல் தொடர்ந்து வரும். இதற்குத் தட்டை முழுவதும் உலோகத்தால் மூடி, அந்த உலோகத்தை நில வயரோடு சேர்க்க வேண்டும். செப்புப் பட்டி கிளிநொச்சியில் கிடைக்கவில்லை. அலுமினியத் தாளில் சாதாரண ஈயம் பிடிக்காது. கடைக்காரர் பால்மாப் பேணியின் உள் மூடியை வெட்டியெடுத்துப் பயன்படுத்தினார். தகரம் மெல்லியது, ஈயமும் நன்றாகப் பிடித்தது. தட்டின் வெள்ளிப் பக்கத்தை இன்சுலேஷன் ரேப்பால் மூடி, அதன் மேல் இந்தத் தகரத்தை வைத்து, விளிம்பில் பித்தளையோடு பற்றவைத்துவிட்டார். உறுமல் ஏறக்குறைய நின்றுவிட்டது. பித்தளைப் பக்கம்தான் பொருளில் ஒட்டப்படும் பக்கம், அதுவும் நிலத்தோடு சேர்ந்தது. ஆகவே இரு பக்கமும் மறைப்பு உண்டு.

இனி மிக முக்கியமான விடயம். பீசோ தட்டு மின்னியல் முறையில் மின்னைத் தேக்கிவைக்கும் ஒரு சிறு கொள்ளளவியைப் போல நடந்துகொள்கிறது. 27 மில்லிமீற்றர்த் தட்டின் கொள்ளளவம் ஏறக்குறைய 20 நனோ பரட். இதைச் செருகும் கருவியின் உள்ளீட்டுத் தடை குறைவாக இருந்தால் தாழ்ந்த சுருதிகள் எல்லாம் வடிந்து போய்விடும். கணக்கு எளிது. கித்தார் அம்பிளிபயரின் உள்ளீட்டுத் தடை பொதுவாக 1 மெகா ஓம்; அதில் செருகினால் ஏறக்குறைய 8 ஹேர்ட்ஸ் வரை, அதாவது காதுக்குக் கேட்கும் அடிமட்டம் முழுவதும், வந்து சேரும். மிக்சரின் லைன் உள்ளீடு 10 கிலோ ஓம் என்றால் 800 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒலி படிப்படியாகத் தேய்ந்துவிடும். மைக் உள்ளீடு 2 கிலோ ஓம் அளவில் இருந்தால் 4,000 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருப்பவை எல்லாம் மெலிந்துபோகும். பாரமான தார்ப் பரலை அடித்தாலும் பேணி தட்டிய ஒலி வருகிறதென்று பலர் குறைசொல்வதற்குக் காரணம் இதுதான். பீசோவின் ஒலி இயல்பிலேயே சில்லறையானது என்ற பேச்சு நம்மவரிடையே நிலைத்துவிட்டது. அது பீசோவின் குற்றமன்று, செருகிய பெட்டியின் குற்றம்.

ஆகையால் தட்டுக்கும் மிக்சருக்கும் இடையே ஒரு முன்பெருக்கி வேண்டும். இதற்கு உகந்தவை உள்ளீட்டுத் தடை மிகக் கூடிய ஜே-ஃபெட் வகை ரான்சிஸ்டர்கள் என்று பல வரைபடங்கள் சொல்கின்றன. அவை இங்கே எளிதில் அகப்படுவதில்லை. கடைக்காரரின் இழுப்பறையில் பழைய மிக்சர்களிலிருந்து கழற்றிய ரி.எல். 072 சில்லுகள் நிறைய இருந்தன. அதன் உள்ளீட்டிலும் ஜே-ஃபெட் இருக்கிறது. சில்லின் ஒரு பாதியை ஒலியைக் கூட்டாமல் தடையை மட்டும் மாற்றிக் கொடுக்கும் நிலையில் அமைத்து, உள்ளீட்டில் 1 மெகா ஓம் தடையும், ஓங்கி அடித்தால் பிறக்கும் உயர் வோல்ற்றளவைத் தடுக்க முதுகோடு முதுகு சேர்த்த இரண்டு செனர் டயோட்டுகளும் வைத்தார். இந்த டயோட்டுகள் ஆடம்பரமல்ல. தட்டின் மேல் நேரே கோல் பட்டால் பல பத்து வோல்ற் ஒரு கணம் எழும். கைபேசியிலோ விலை கூடிய மிக்சரிலோ அது போய் விழுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். முழுச் சுற்றும் 9 வோல்ற் பற்றரியில் ஓடுகிறது. சில்லு எடுப்பது ஏறக்குறைய 3 மில்லியம்பியர். நல்ல அல்கலைன் பற்றரி நூறு மணித்தியாலத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். மேடை மிக்சரில் 48 வோல்ற் பாண்டம் மின் (மைக்குக்கு மிக்சர் வயர் வழியே அனுப்பும் மின்) இருந்தால் செருகுமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்று கடைக்காரரே ஒரு துண்டில் எழுதிப் பெட்டியில் ஒட்டித் தந்தார்.

பெட்டி என்றேனே, அது ஒரு மீன் ரின். கழுவிக் காய வைத்து, உட்பூச்சை ஓரிடத்தில் உரசி எடுத்து, நில வயரை அங்கே பற்றவைத்திருக்கிறார். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பெட்டியைவிட இது இரைச்சலை நன்றாக மறைக்கிறது. வேலையைப் பார்க்கும் எல்லோரும் முதலில் இந்த ரின்னைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். விளிம்பு கூர்மையாக இருந்ததால் அதைத் தட்டி மடக்கித் தரும்படி நாங்கள் கேட்க வேண்டியிருந்தது. சொல்லாமலே செய்திருக்க வேண்டிய வேலை அது.

வயரைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. முதலில் தந்தவற்றில் தொலைக்காட்சி அன்ரெனா வயரைப் போட்டிருந்தார். மறைப்பு நல்லதுதான், ஆனால் அந்த வயர் விறைப்பானது. மேடைப் பலகையில் அது உரசினால் அந்த உரசலும், யாராவது கால் வைத்தால் அந்த மிதிப்பும் நேரே தட்டுக்கு வந்துவிடுகின்றன. தட்டிலிருந்து முதல் ஓரடியாவது மெல்லிய, துவளும் மைக் வயராக இருக்க வேண்டும். கேட்டதும் மாற்றித் தந்தார், ஆனால் மாற்றத்துக்குத் தனியே காசு வாங்கினார். வயர் நீளமானால் ஒலியின் கூர்மை போய்விடும் என்று சிலர் பயப்படுவதுண்டு. கித்தார் பிக்கப்புக்கு அது உண்மை. பீசோவில் வயரின் கொள்ளளவம் மொத்த ஒலியளவைச் சிறிது குறைக்குமே தவிர மேற்சுருதிகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்பதில்லை. ஐந்து மீற்றர் வயரில் எங்களுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை.

ஒட்டும் பசையைப் பற்றிக் கடையில் எந்த அறிவுரையும் கிடைக்கவில்லை, அது அவருடைய துறையும் அன்று. இணையத்தில் பார்ப்பவர்கள் சுடுபசையைப் பரிந்துரைக்கிறார்கள். குளிர் நாட்டில் அது சரியாக இருக்கலாம். பங்குனி வெயிலில் வெளியே தொங்கும் தகரத்தில் சுடுபசை இளகித் தட்டு வழுகி இறங்கிவிடும். நிரந்தரமாக ஒட்டுவதென்றால் மெல்லிய படையாக அரல்டைட். கழற்றி மாற்ற வேண்டுமென்றால் மெல்லிய இருபக்க ரேப், அதன் மேல் சைக்கிள் ரியூபை நாடாவாக வெட்டி இறுக்கிய ஒரு சுற்று. பஞ்சு வைத்த தடித்த இருபக்க ரேப்பை மட்டும் பயன்படுத்த வேண்டாம்; பஞ்சு மேற்சுருதிகளைக் குடித்துவிடும். மாரியில் இணைப்புகள் பச்சை பிடிக்காமலிருக்க ஈயப் பொட்டுகளின் மேல் நெயில் பொலிஷ் இரண்டு பூச்சுப் பூசினால் போதும்.

எங்கே ஒட்டுவது என்பதே மீதமுள்ள வித்தை. தகரத்தை இரண்டு மூலைகளில் கயிறு கட்டித் தொங்கவிட்டால், கீழ் மூலை அதன் எல்லா அதிர்வுகளிலும் பங்குகொள்ளும். அங்கே ஒட்டினால் இடி முழக்கம் முழுதாகக் கிடைக்கும். நடுவில் ஒட்டினால் பல அதிர்வுகள் அந்த இடத்தில் அசையாமல் நிற்பதால் ஒலி ஊமையாகிவிடும். அலைத்தகரம் அடிப்பதற்கு அவ்வளவு நன்றாக இல்லை. அதன் மேடுபள்ளங்களுக்குக் குறுக்கே பனையீர்க்கால் இழுத்தால் வரும் கரகரப்பு வேறெதிலும் கிடைக்காது.

பனஞ்சலாகைக்குக் கணக்கு இருக்கிறது. முற்றிய பனையின் வெளிப்புற வைரத்திலிருந்து அறுத்த சலாகை, நீளத்தில் ஒவ்வொரு நுனியிலிருந்தும் 22.4 சதவீதத்தில் அடிப்படைச் சுருதிக்கு அசையாது நிற்கும். 500 மில்லிமீற்றர்ச் சலாகையானால் நுனியிலிருந்து 112 மில்லிமீற்றர். அந்த இடங்களில்தான் கயிறோ ரியூபோ தாங்க வேண்டும். தட்டை அங்கே ஒட்டக்கூடாது. நுனியில் 20 மில்லிமீற்றர்த் தட்டை ஒட்டினால் எல்லாச் சுருதிகளும் வரும். அதன் பாரத்தால் சுருதி சற்று இறங்கும். ஒட்டிய பிறகு சீவிச் சுருதி சேர்க்க வேண்டும். அதே தடிப்பில் நீளத்தைப் பாதியாக்கினால் சுருதி நான்கு மடங்கு ஏறும் என்பதை நினைவில் வைத்து அறுத்தால் பலகை வீணாகாது.

மத்தளத்தின் தோலில் தட்டை ஒட்டுவதை நான் முற்றாகத் தவிர்க்கச் சொல்வேன். தோல் ஊமையாகும், தட்டும் உடையும். வார்களுக்குக் கீழே மரக்கட்டையோடு படியும்படி செருகி, மேலே ஒரு துண்டுச் சைக்கிள் ரியூப் வைத்தால் வாரின் இறுக்கமே அதைப் பிடித்துக்கொள்ளும். அடியின் உடனடித் தெளிவு அருமையாக வருகிறது, தோலின் காற்றோட்டமான கும்மல் வருவதில்லை. ஆகவே கூத்து மத்தளத்துக்குத் தொடுகை மைக்கை மட்டும் நம்பக்கூடாது. சாதாரண மைக்கோடு கலந்து பயன்படுத்த வேண்டும். கூத்தைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் தொடுகை மைக்கின் மத்தளத்தை ஏற்றுக்கொள்ளவில்லை, அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

தார்ப் பரலில் கால்வாசி தண்ணீர் ஊற்றி, 35 மில்லிமீற்றர்த் தட்டை அடிப்பாகத்தின் தட்டையான இடமொன்றில் ஒட்டி, நீர்மட்டத்துக்கு மேலே பக்கச் சுவரில் அடித்தபடி பரலைச் சற்றே ஆட்டினால், நீர் ஏறி இறங்கச் சுருதியும் வழுகி ஏறி இறங்கும். நீரின் பாரம் சுவரைத் தாழ்த்திப் பேச வைக்கிறது. நாடகத்தில் வெள்ளக் காட்சிக்கு இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

கலப்பைத் தட்டுக்கு வருவோம். என் மனத்துக்கு மிக நெருக்கமான வாத்தியம் அதுதான். நடுத் துவாரத்தில் கயிறிட்டுத் தொங்கவிட்டால் விளிம்பு சுதந்திரமாக அதிரும். ஆகவே மைக் விளிம்பில் இருக்க வேண்டும். முழு வட்டமான தட்டில் பெரும்பாலான அதிர்வுகள் ஒரே சுருதியுள்ள இரட்டைகளாக இருக்கும். மண்ணில் உழுது ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்த தட்டில் அந்த இரட்டை சற்றே பிரிந்து, இரண்டு நெருங்கிய சுருதிகளாகிவிடும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது முழக்கம் அலையலையாக ஏறி இறங்குகிறது. புதுத் தட்டில் இது மிகக் குறைவு. பல போகம் உழுத தட்டில் நன்றாகக் கேட்கும். மைக்கை விளிம்பிலேயே நான்கு விரல் அகலம் நகர்த்தினால் அந்த அலை சில வேளை பெரிதாகிறது, சில வேளை அடங்கி ஒரே சுருதியாக நிற்கிறது, ஏனெனில் இரட்டையில் ஒன்று அசையாத இடத்தில் மைக் வந்து விழுகிறது. சாதாரண மைக்கால் இந்த வேறுபாட்டைத் தெரிந்தெடுக்க முடியாது. ஆகையால் அரல்டைட் போடுமுன் மைக்கை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு விளிம்பு முழுவதும் நகர்த்திக் கேட்டு, இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். இரணைமடுக் குளத்தின் கீழ்ச் செம்மண்ணில் உழுத தட்டொன்று எங்களிடம் இருக்கிறது. அதன் அலை ஒரு மூச்சு இழுத்து விடும் வேகத்தில் வருகிறது. நடிகர்கள் அந்த வேகத்துக்கே தங்கள் நடையை அமைத்துக்கொண்டார்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய இரும்புக் கடைகளிலும் காணிகளிலும் வாத்தியத்துக்கு இரும்பு தேடுபவர்கள், என்னவென்று தெளிவாகத் தெரிந்த பொருளை மட்டுமே எடுக்க வேண்டும். கலப்பை, பரல், வண்டிப் பட்டம், கேஸ் அடுப்பு ஆகியவை தெரியும். உருளையோ குழாயோ, எதிலிருந்து வந்ததென்று சொல்ல முடியாத எதையும் நல்ல ஓசை வருகிறதா என்று தட்டிப் பார்க்கவே கூடாது. கண்ணிவெடி அகற்றும் பணி எத்தனை ஆண்டுகளாக நடந்திருந்தாலும் இந்த மண்ணில் இந்த விதி மாறாது. பிள்ளைகளுக்கு இதைத்தான் முதற் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம்.

கித்தாருக்கென்று விற்கும் கிளிப் வகைப் பிக்கப்பையும் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தோம். அதைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது இதே போன்ற பஸர்த் தட்டுத்தான். மறைப்பு இல்லை, முன்பெருக்கி இல்லை, வயர் மெல்லியது. கிளிப்பின் பிளாஸ்டிக் அதிர்வின் ஒரு பகுதியைத் தானே விழுங்கிவிடுகிறது. மரவாத்தியத்தில் விரைவாகப் பொருத்திக் கழற்ற வசதியாக இருக்கும் என்பதைத் தவிர அதைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அந்தப் பணத்தில் கடைக்காரர் முன்பெருக்கியோடு ஒன்றைச் செய்து தருவார்.

கடையின் சேவையில் இன்னும் இரண்டு குறைகள். ஒரே மாதிரியான மீன் ரின்களில் எது எந்தத் தட்டுக்கு என்று குறிக்காமல் தருகிறார். பெயின்ற்றால் ஒரு பொட்டு வைத்திருந்தால் மேடையில் தடுமாற்றம் வந்திராது. கைபேசிக்குச் செருகும் வயரை நம்பித் தரும் அளவுக்கு அவர் இன்னும் செய்து பழகவில்லை, அதை அவரே ஒப்புக்கொண்டார். விலையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார், சொன்ன விலைக்கு மேல் வாங்குவதில்லை, பழுதானால் பார்த்துத் தருகிறார். கழன்ற ஒரு பொட்டை நின்ற நிலையிலேயே வைத்துத் தந்தார், அதற்குக் காசு எடுக்கவில்லை.

செய்விக்க விரும்புவோர் தை, மாசி மாதங்களில் போவது நல்லது. பங்குனி தொடங்கி ஆவணி வரை கோயில் திருவிழா ஒலிபெருக்கிகள் மேசையை நிறைத்துவிடும், சிறு வேலைகள் பின்தள்ளப்படும். மீன் ரின்னைக் கழுவிக் காய வைத்து, விளிம்பைத் தட்டி மடக்கி, கையோடு கொண்டுபோக வேண்டும். முதல் ஓரடிக்குத் துவளும் வயர் வேண்டும், 1 மெகா ஓம் உள்ளீடு வேண்டும், செனர் டயோட் வேண்டும் என்ற மூன்றையும் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுப்பது உத்தமம்; கடையில் எப்போதும் ஒரு ஒலிபெருக்கி சோதனையில் முழங்கிக்கொண்டிருக்கும்.